புசல்லாவைக்கு மேலே ஓர் இரவு

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் பனி. ஒன்பது மணிக்குப் பிறகு வெயில், வெயிலோடு வெங்காயம்.

வீட்டுக்கு வந்த இன்றைய சிற்றுண்டி ஓடர்: பெட்டிஸ், ரோல்ஸ், மீன் கட்லட். ஏதோ பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி. பிள்ளைகள் ஓடுகிறார்கள், நான் உருளைக்கிழங்கு உரிக்கிறேன். கையில் இன்னும் வெங்காய மணம். சவர்க்காரம் போட்டும் போகவில்லை, தேசிக்காய் தேய்த்தும் போகவில்லை.

பகல் சாப்பாடு மூன்று மணிக்கு மேல். குசினி மேசை ஓரத்தில், நின்றபடி. சோறு ஆறிக் கட்டியாகிவிட்டது. கறியில் எண்ணெய் உறைந்து வெள்ளையாக. சூடாக எதையாவது கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. டீயும் அப்படித்தான். ஊற்றி வைப்பேன், யாராவது கூப்பிடுவார்கள்.

இவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து பேப்பரை விரித்ததும் சொன்னேன்.

"எங்கயாவது போவோம். நாங்க ரெண்டு பேரும் மட்டும். ஒரு ராவைக்கு. நான் ஆக்காத சாப்பாடு சாப்பிடணும் எனக்கு."

பேப்பரிலிருந்து தலை எழும்பவில்லை. "தூரமா?"

"தூரம் வேணாம். ஒடம்பு தாங்காது. ஒரு மணித்தியாலத்துல போய்ச் சேர்ற எடம்."

"ம்."

இவருடைய 'ம்' இரண்டு வகை. இருபத்தெட்டு வருடம் ஒரு கூரைக்குக் கீழ் இருந்ததில் வித்தியாசம் தெரியும். இது நல்ல வகை.

ஜனவரி 28, செவ்வாய்

ஃபோனில் இடம் தேடினேன். ரோல்ஸ் பொரிந்துகொண்டிருக்கும்போது ஒரு கையால். திரையில் எண்ணெய்.

கண்டி, ஏரிக்கரை ஹோட்டல்: இவருடைய சாச்சாவின் மகன் கடை பக்கத்துத் தெருவில். வேண்டாம்.

ஹந்தானை மலை: படி, படி, படி. முழங்காலுக்கு ஆகாது.

கலகெதர பக்கம் ஒரு தோட்டத்து வீடு: மதினியின் சம்பந்தி ஊர். நினைக்கவே வேண்டாம்.

விக்டோரியா அணைக்கட்டுப் பக்கம்: படங்கள் அழகு. குளிக்கிற தொட்டி, ஊஞ்சல், சூரியன் மறைகிறது. போனவர்கள் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதவில்லை என்றால் அர்த்தம் எனக்குத் தெரியும்.

புசல்லாவைக்கு மேலே பழைய தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா: ஆறு அறை. மெனு போட்டிருக்கிறார்கள். பூசணிக்காய் சூப். கோழி ரோஸ்ட், அதோடு வாட்டிய மரக்கறி. கராமல் புடிங். காலையில் ஆப்பம், கண் முன்னால் சுட்டுத் தருவார்களாம்.

அந்த மெனுவை நாலு தடவை வாசித்தேன். பூசணிக்காயை யாரோ வெட்டியிருப்பார்கள். உள்ளிச் சுளைகளை யாரோ உரித்திருப்பார்கள். சட்டியை யாரோ தேய்ப்பார்கள். அந்த யாரோ நான் இல்லை. இதை நினைக்கவே கண் கலங்குகிறது, வெங்காயம் இல்லாமல்.

ஃபோன் பண்ணினேன். எடுத்தவர் பேசியது தோட்டத்துத் தமிழ்.

"சொல்லுங்க மேடம். வாரநாள்ல வாங்க, ரூம் நெறைய இருக்கு. சனி ஞாயிறுதான் கூட்டம்."

கோழி ஹலாலா என்று கேட்டேன். கேட்காமல் முடியாது.

"அதுல ஒன்னும் யோசிக்காதீங்க. எங்க குக்கே உங்க ஆளுதான். கம்பளைக்காரரு. அவரே பாத்து வாங்குவாரு, நாங்க யாரும் கை வைக்க முடியாது."

நிம்மதி. ஃபோனை வைத்த பிறகு அடுத்த கவலை. கம்பளை ஆள் என்றால் எங்கள் கெலிஓயாவில் யாரையாவது தெரிந்திருக்குமே. இவரிடம் சொன்னேன். "நீ என்ன களவுக்கா போற" என்றார்.

களவு மாதிரித்தான் இருக்கிறது.

ஜனவரி 31, வெள்ளி

ஜும்ஆ சோறு. இவர், மதினி, கடையில் வேலை செய்யும் இரண்டு பேர். எல்லோருக்கும் வைத்துக் கொடுத்து நான் உட்கார்ந்தபோது கோழியில் கழுத்துத் துண்டு இருந்தது. கழுத்துதான் எனக்குப் பிடிக்கும் என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். எப்போது சொன்னேனோ தெரியாது.

மதினி இவருடைய மூத்த சகோதரி. கணவர் மௌத்தான பிறகு பக்கத்து வீட்டில் தனியாக. இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதில் உண்டு, மதிலில் ஒரு கதவும் உண்டு, கதவுக்குப் பூட்டு இல்லை. கெட்டவர் இல்லை. ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டார். ஆனால் அவருக்குத் தெரியாமல் இந்த வீட்டில் ஒரு தும்மல் கூட நடந்ததில்லை.

ஏன் இரகசியம் என்று எனக்கே எழுதி வைக்கிறேன். இந்தக் குடும்பத்தில் "போறோம்" என்று ஒரு வார்த்தை வாயை விட்டு வந்தால் வேன் வரும். போன வருடம் நானும் இவரும் நுவரெலியா போகத்தான் பார்த்தோம். மதினிக்குச் சொன்னேன். மதினி மகளுக்குச் சொன்னார். மகள் மாமியாருக்கு. ஒரு வேன் நிறைய ஆள். விடிய எழும்பி அத்தனை பேருக்கும் புரியாணி ஆக்கியவள் நான். ஏரிக்கரையில் பாய் விரித்துப் பரிமாறியவளும் நான். திரும்பி வந்து சட்டி கழுவியபோது மதினி சொன்னார், "இப்பிடி ஒரு பயணம் போய் வந்தாத்தான் மனசுக்கு லேசு." அவருடைய மனசுக்கு உண்மையாகவே லேசாக இருந்தது.

இன்னொன்று. நானும் இவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. கல்யாண வீட்டில் ஆம்பிளைகள் சஹன் ஒரு பக்கம், பொம்பிளைகள் சஹன் இன்னொரு பக்கம். ஆறு பேர் ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்து யாரோ ஒருவரின் கையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம். வீட்டில் இவருக்கு வைத்துக் கொடுத்து பிறகு நான். இவர் எப்படி மெல்லுவார் என்று கேட்டால் பக்கத்திலிருந்து சொல்லத் தெரியும், முன்னாலிருந்து தெரியாது.

அறை பதிந்தாயிற்று. வரும் வியாழன். வெள்ளி ஜும்ஆவுக்கு முன் திரும்பிவிடலாம். புதன் பின்னேரத்துக்குப் பிறகு ஓடர் எடுக்கவில்லை. நோன்பு மாதம் தொடங்கினால் இந்த வீட்டில் பெட்டிஸ் தவிர வேறு ஒன்றும் நடக்காது. அதற்கு முன் இந்த ஒரு இரவு.

பெப்ரவரி 2, ஞாயிறு

நாசம்.

அலுமாரிக்கு மேலிருந்து சின்னப் பேக்கை இறக்கித் தூசு தட்டி வெயிலில் வைத்தேன். இவ்வளவுதான் நான் செய்தது. மதினி கதவால் வந்தார், பேக்கைப் பார்த்தார்.

"எங்க போற?"

நான் வாயைத் திறக்கும் முன் இவர். கதிரையில் உட்கார்ந்திருந்த மனிதர், கேள்வி இவரிடம் கேட்கப்படக்கூட இல்லை.

"கண்டிக்கி. இவளுக்கு ஒரு டெஸ்ட். ஒரு ராவு நிப்பாட்டி வெச்சித்தான் பாப்பாங்களாம்."

மதினி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "என்ன டெஸ்ட்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். நாற்பது வருடம் ஹாட்வெயார் கடை, துருப்பிடித்த ஆணியைக் கூட நல்லது என்று சொல்லத் தெரியாத மனிதர். இவருக்கு இன்றைக்கா வாய் வரவேண்டும்.

"வயித்துல" என்றேன். எதையாவது சொல்ல வேண்டுமே. "சின்ன டெஸ்ட்தான் மதினி. பயப்பட ஒண்டுமில்ல."

அவர் போன பிறகு கேட்டேன், ஏன் இப்படி. இவர் சொன்னது, "வேன் வரும் எண்டு பயந்துட்டேன்."

கோபம் வந்தது. பிறகு கோபப்படக் களைப்பாக இருந்தது. பேக்கை உள்ளே எடுத்து வைத்தேன்.

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தினம், லீவு. லீவு என்பதால் எல்லோருக்கும் வர வசதி.

மதினி குடும்ப வாட்சப்பில் குரல் பதிவு போட்டிருக்கிறார். அழுகையோடு. காலையிலிருந்து ஆட்கள், சுகம் விசாரிக்க. திராட்சை, பிஸ்கட், மோல்ட் டின், ஒரு பெரிய பப்பாசி. வந்தவர்களுக்கு டீ ஊற்றினேன். டீயோடு வைக்க பெட்டிஸ் பொரித்தேன். நோயாளி பொரித்த பெட்டிஸை நோயாளிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"எனக்கும் இதேதான் ஈந்த. கல்லு. வெட்டித்தான் எடுத்த."

"வெட்டவெல்லாம் போக வேணாம், வெந்தயத் தண்ணி குடிங்கொ."

"முகமெல்லாம் வெளிறிப் போய்த்தான் ஈக்குது. நான் போன மாசமே சொன்னேன்."

"இன்னும் ஒரு பெட்டிஸ் ஈக்குதா?"

அவர்கள் போன பிறகு கண்ணாடி பார்த்தேன். வெளிறித்தான் இருக்கிறது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. பொய் சொன்னது இவரும் நானும். முகம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இதை எழுத வேண்டும். களைப்பு என்று இந்த வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒருவரும் அசையவில்லை. டெஸ்ட் என்றதும் ஊரே வந்து நிற்கிறது. களைப்புக்குப் பெயர் இல்லை, அதற்குத் திராட்சை கொண்டு வருவார் இல்லை.

பின்னேரம் மகன் கட்டாரிலிருந்து. குரல் உடைந்திருந்தது.

"உம்மா, டிக்கட் போடவா?"

அவனிடம் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், பூசணிக்காய் சூப் வரைக்கும்.

"இதுக்குப் பொய் சொல்லோணுமா உம்மா?" என்றான். திட்டவில்லை. உண்மையாகவே கேட்டான்.

பிறகு சொன்னான், "போய்ட்டு வாங்கொ. நான் யாருக்கும் சொல்லமாட்டேன். படம் அனுப்புங்கொ."

பெப்ரவரி 5, புதன்

கடைசி ஓடர் போயாயிற்று. த்ரீவீல்காரர் பெட்டிகளை ஏற்றும்போது "அல்லாஹ் சுகத்தத் தருவான்" என்றார். அவருக்கும் தெரியும். கெலிஓயாச் சந்தியில் தெரியாதவர் யார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மதினி வந்தார். கையில் பேக். மடித்த பெட்ஷீட், சுடுதண்ணிப் போத்தல், தஸ்பீஹ் மணி, ஒரு சின்னத் தலைகாணி.

"நாளைக்கி நான் வாறேன் துணைக்கி."

இவர்: "தேவையில்ல ராத்தா. நான் ஈக்கிறேன் தானே."

"பொம்புள வாட்டுல ராவைக்கி ஆம்புளய உடுவாங்களா?"

ஆஸ்பத்திரியில் ஒரு இரவு என்றால் பொம்பிளை நோயாளிக்குத் துணைக்கு ஒரு பொம்பிளை. இந்த ஊரில் அப்படித்தான், எங்கேயும் அப்படித்தான். நானே எத்தனை பேருக்கு அப்படிப் போய்க் கதிரையில் தூங்கியிருக்கிறேன். பொய்யைச் சொன்ன நேரத்தில் இது எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்து இந்த ஒன்றை மறந்தோம்.

"ப்ரைவேட் ஆஸ்பத்திரி, துணைக்கு ஆள் எடுக்கமாட்டாங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

"எடுக்காட்டி வெளிய வாங்குல குந்தி ஈக்கிறேன். நீ தனியக் கெடக்க நான் ஊட்டுல தூங்கவா?"

பிறகு என் தலையில் கை வைத்து ஓதி ஊதினார். அவருடைய கை சூடாக இருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போல. சொன்னால் வேன். அல்லது வேன் கூட இல்லை, பயணமே இல்லை, வருடம் முழுக்க இந்தக் கதை. சொல்லவில்லை.

இவர் சொல்கிறார், அறையை ரத்துச் செய்வோம், இன்னொரு நாள் பார்ப்போம். இன்னொரு நாள் என்று ஒன்று வராது. எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும்.

ரத்துச் செய்யாதீங்க என்றேன். எப்படி என்று கேட்டார். தெரியாது என்றேன்.

பெப்ரவரி 6, வியாழன், பின்னேரம்

பங்களா விறாந்தை. பிரம்புக் கதிரை. முன்னால் தேயிலை, அதற்கு அப்பால் மலை, மலையில் பாதி முகிலுக்குள். பக்கத்துக் கதிரையில் மதினி.

எப்படி வந்தோம் என்று எழுதுகிறேன்.

பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு வெளிக்கிட்டோம். அடுத்த வீட்டார் வாசலில் நின்று துஆ செய்து அனுப்பினார்கள். மதினி பின் சீட்டில், பெட்ஷீட்டோடு. புசல்லாவைக்கு இடப் பக்கம் திரும்ப வேண்டும். சொன்ன பொய்க்கு வலப் பக்கம். இவர் வலப் பக்கம் திரும்பினார். வேறு என்ன செய்வது, ஊரே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

பேராதனை வந்தது. பூந்தோட்டத்து மதிலோரம், மர நிழலில் காரை நிறுத்தினார். என்ஜினை நிறுத்தினார். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். என்னைப் பார்க்காமல் முன்னால் பார்த்தார். நான் சொல்ல வேண்டும் என்று அர்த்தம். இந்த மனிதர் கட்டிய பொய்யை நான் அவிழ்க்க வேண்டும்.

திரும்பினேன். "மதினி. எனக்கு ஒண்டுமில்ல. டெஸ்ட்டும் இல்ல ஒண்டும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் ஒரு ராவைக்கி புசல்லாவைக்குப் போகப் பாத்த. ஒரு பங்களாவுக்கு."

"என்னத்துக்கு?"

"சாப்பிட."

"சாப்பிடவா?"

"ஓ. நான் ஆக்காத சாப்பாடு. எனக்குக் களைப்பு மதினி."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே அன்னாசி விற்கிறவர் கண்ணாடியைத் தட்டினார். இவர் கையை ஆட்டி அனுப்பினார்.

"ஒனக்கு ஒண்டுமே இல்ல?"

"இல்ல."

"நான் நோன்பு புடிச்சீக்கிறேன்" என்றார். கோபமாக இல்லை, சும்மா ஒரு செய்தி சொல்வது போல. "ஒனக்கு ஒண்டும் ஈக்கக் கூடாது எண்டு நிய்யத் வெச்சிப் புடிச்ச."

எங்கே போய் முகத்தை வைப்பது. இவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துவிட்டார்.

மதினி சொன்னார், "அப்ப அல்லாஹ் ஏத்துக்கிட்டான் தானே."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எத்தனையோ வருடம் மதினியோடு சண்டை பிடிக்க மனசுக்குள் பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்னால் திரும்பினேன்.

இவர் கேட்டார், "ஊட்டுல கொண்டுபோய் உடவா ராத்தா?"

"ஊட்டுக்குப் போய் நான் என்னத்தச் சொல்ற? ஆஸ்பத்திரியில தொரத்தீட்டாங்க எண்டா?" பிறகு, "வண்டியத் திருப்பு."

திரும்பி வரும் வழியில் கெலிஓயாவுக்குள்ளால்தான் வரவேண்டும். சந்தி நெருங்கியதும் பின்னாலிருந்து உத்தரவு. "தலையக் குனி." குனிந்தேன். பார்த்தால் அவரும் பின் சீட்டில் பெட்ஷீட்டைத் தலைக்கு மேல் இழுத்துப் படுத்துக்கிடக்கிறார். கம்பளைப் பாதைக்கு வந்த பிறகுதான் எழும்பினார். சிரித்தார் என்று நினைக்கிறேன். சத்தம் மட்டும் கேட்டது.

இங்கே வந்து அவருக்குத் தனி அறை கேட்டோம். அறை இருந்தது. மதினி மாட்டேன் என்றுவிட்டார். துரை பங்களா, ஜின் இருக்கும், தனியாகப் படுக்கமாட்டார். எங்கள் அறையில் மேலதிகக் கட்டில் போட்டிருக்கிறார்கள். மதினியும் நானும் பெரிய கட்டிலில். சின்னக் கட்டிலில் இவர்.

குளியலறைத் துவாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார் மதினி. "இதெல்லாம் எங்களுக்கா?" என்று கேட்டார். முதல் தடவையாம் ஒரு ஹோட்டல் அறை. அறுபத்து நாலு வயதில். எனக்கு இது தெரியாது. கேட்டதில்லை.

இப்போது பேக்கிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். மஃரிபுக்குக் காத்திருக்கிறார். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து நோன்பு திறக்க என்று கொண்டுவந்த பேரீச்சம்பழம். எனக்கும் ஒன்று நீட்டினார். நீ நோன்பு இல்லையே, இப்பவே சாப்பிடு என்றார்.

சாப்பிட்டேன். கொட்டை இன்னும் கையில்.

பெப்ரவரி 7, வெள்ளி, காலை

சாப்பாட்டறை. ஜன்னலோரம். வெளியே ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் பனி. அடுத்த ஆப்பம் வரும் வரை எழுதுகிறேன்.

நேற்று இரவுச் சாப்பாடு.

சூப் வந்தது. நான் பார்த்த அதே பூசணிக்காய் சூப், மேலே கிரீமால் ஒரு வட்டம். ஆவி பறந்தது. கரண்டியை எடுத்தேன். மதினி, "இதுல என்ன போட்டீக்கி?" சொன்னேன். "மிளகு?" மிளகு எட்டிக் கொடுத்தேன். "உப்பு?" உப்பு. நோன்பு திறந்த வயிறு, மெதுவாகக் குடிங்க என்று பாண் துண்டுகளாக்கிக் கொடுத்தேன். என் சூப்பில் ஏடு கட்டிவிட்டது.

கோழி ரோஸ்ட். கத்தியும் முள்ளும். மதினி இரண்டையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கையால் சாப்பிடுங்க, ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்றேன். வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள், வெட்கம் என்றார். அவருடைய பீங்கானை என் பக்கம் இழுத்து வெட்டிக் கொடுத்தேன். அந்த நேரம் இவர் பேசிக்கொண்டே, முகத்தைக் கூடத் திருப்பாமல், தன் பீங்கானையும் என் பக்கம் தள்ளினார். இன்னும் கொஞ்சம் மரக்கறி வைக்கச் சொல்லி. பரிமாறுகிற மனிதர் இரண்டடி தள்ளி கரண்டியோடு நிற்கிறார். வைத்தேன். கை தானாகப் போகிறது.

மதினியும் தம்பியும் பழைய கதை பேசிச் சிரித்தார்கள். வாப்பா இரண்டு பேரையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போன கதை. இவர் இப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம். முன்னாலிருந்து பார்க்க ஆசைப்பட்டேன் தானே, பார்த்தேன். பார்த்தேன், ஆனால் எனக்கு இல்லை அந்தச் சிரிப்பு.

என் கோழி ஆறிப்போய்த்தான் வாய்க்கு வந்தது. நல்ல கோழி. சூடாக இருந்தால் இன்னும் நல்லாக இருந்திருக்கும்.

"சாப்பிடு புள்ள, சாப்பிடு" என்றார் மதினி. அன்பாகத்தான் சொன்னார்.

யாரோடு கோபிப்பது. எனக்காகப் பட்டினி கிடந்த மனிஷியோடா. அதுதான் சங்கடம். கெட்டவர்களாக இருந்திருந்தால் எத்தனை லேசாக இருந்திருக்கும்.

சுபஹ் தொழுதோம், மூன்று பேரும். குளிர். தொழுதுவிட்டு இவர் மறுபடி சின்னக் கட்டிலில் சுருண்டார். மதினி கம்பளிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் குறட்டை. ஒரே குடும்பத்துக் குறட்டை. நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு இந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு கதவை மெதுவாகச் சாத்தினேன்.

கீழே அதே மனிதர், நேற்றுக் கரண்டியோடு நின்றவர்.

"வாங்க மேடம். மூனு பேருக்குதானே? மத்தவங்க வரட்டுங்களா?"

"இல்ல" என்றேன். "ஒராள். அவங்க காலைல சாப்பிட மாட்டாங்க."

இன்னொரு பொய். இது வாயிலிருந்து எவ்வளவு சுகமாக வந்தது.

ஒரு பீங்கான் வைத்தார். ஒரு கோப்பை. மற்றக் கதிரைகளை அப்படியே விட்டுவிட்டார். டீ ஊற்றினார். ஆவி போகும் முன் குடித்தேன். நாக்கு சுட்டது. சுட்டதும் நல்லது.

முதல் ஆப்பம். நடுவில் பஞ்சு, ஓரம் மொறுமொறு. கூடவே உறைப்பான கட்டச் சம்பல். பிய்த்ததும் விரல் சுட்டது. யாரும் கூப்பிடவில்லை. யாருக்கும் உப்பு எட்டிக் கொடுக்கவில்லை. முழுதாக முடித்தேன்.

இரண்டாவது. முட்டை ஆப்பம். அதையும்.

எனக்கு வேண்டியது இதுதானா. இவரோடு எதிரும் புதிரும் என்று நினைத்துக்கொண்டு இத்தனை பாடுபட்டேன். கதிரை காலியாக இருக்கிறது, எனக்கு அழுகை வரவில்லை. அதை நினைத்தால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

மேலே கதவு திறக்கிற சத்தம். மதினி.

"நஸீரா."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் இல்லை. மேலே நின்றுதான் கூப்பிடுகிறார்.

"நஸீரா, எங்க ஈக்கிற?"

பரிமாறுகிறவர் என்னைப் பார்த்தார். கூப்பிடுறாங்க மேடம் என்று சொல்ல வாயெடுத்தார். நான் பீங்கானை அவர் பக்கம் கொஞ்சம் தள்ளினேன்.

இன்னும் ஒரு ஆப்பம் கேட்டிருக்கிறேன். சூடாக.